டியூடர் கால இங்கிலாந்தில் சிறுவர் வில்

டியூடர் கால இங்கிலாந்தில் சிறுவர் வில் என்பது, ஏழு வயது முதல் பதினேழு வயது வரையுள்ள ஆண் பிள்ளைகள் பழகுவதற்காகச் செய்யப்பட்ட எளிய மரவில்லைக் குறிக்கும். 16ஆம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில், ஒவ்வொரு தந்தையும் தம் மகனுக்கு இத்தகைய வில் ஒன்றை வாங்கித் தர வேண்டும் என்று சட்டமே இயற்றப்பட்டது. விளையாட்டுப் பொருள் போலத் தோன்றும் ஒரு சிறிய வில்லுக்கு நாடாளுமன்றம் ஏன் இவ்வளவு முக்கியத்துவம் கொடுத்தது, அவ்வில் எந்த மரத்தில் எப்படிச் செய்யப்பட்டது, சட்டம் இருந்தும் அப்பழக்கம் ஏன் மறைந்தது ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

இங்கிலாந்து அரசர்கள் குடிமக்களிடம் வில்லை எதிர்பார்த்தது டியூடர் காலத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1252இல் மூன்றாம் ஹென்றி வெளியிட்ட ஆணை, 15 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் தத்தம் வசதிக்கேற்ப ஆயுதம் வைத்திருக்க வேண்டும் என்றது. வசதி குறைந்தவர்களின் ஆயுதம் வில்லும் அம்பும். 1285இன் வின்செஸ்டர் சட்டமும் இதை வலியுறுத்தியது. 1363இல் மூன்றாம் எட்வர்ட், திருநாள்களில் பந்தாட்டம் முதலிய விளையாட்டுகளை விட்டுவிட்டு வில் பழக வேண்டும் என்று ஆணையிட்டார். கிரெசி (1346), புவாத்தியே (1356), அஜின்கோர்ட் (1415) ஆகிய போர்களில் பிரெஞ்சுப் படைகளை இங்கிலாந்து வென்றதில் நெடுவில் வீரர்களுக்குப் பெரும் பங்கு இருந்தது.

இந்த ஆணைகள் வளர்ந்த ஆண்களையும் இளைஞர்களையும் நோக்கியவை. அண்டை நாடான ஸ்காட்லாந்தில் 1424இல் இயற்றப்பட்ட சட்டம் வயதைச் சற்றுக் குறைத்து, 12 வயது முதலே வில் பழக வேண்டும் என்றது. சிறு பிள்ளையின் கைக்கு வில் தர வேண்டும் என்று இங்கிலாந்துச் சட்டம் கூறியது எட்டாம் ஹென்றியின் காலத்தில்தான்.

சட்டம் கூறியது

எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் 1511-12இல் ஒரு சட்டமும், 1541இல் அதைவிட விரிவான மற்றொரு சட்டமும் நிறைவேறின. 60 வயதுக்கு உட்பட்ட, உடற்குறை இல்லாத ஆண்கள் வில் வைத்திருந்து பழக வேண்டும். சமயக் குருமார்களுக்கும் நீதிபதிகளுக்கும் விலக்கு உண்டு. வீட்டில் ஏழு வயது நிரம்பிய ஆண் பிள்ளை இருந்தால், அவனுக்குப் பதினேழு வயது ஆகும்வரை ஒரு வில்லும் இரண்டு அம்புகளும் வீட்டில் இருக்க வேண்டும். அவற்றைக் கொண்டு அவனைப் பழக்கும் பொறுப்பு தந்தைக்கு உரியது. பிள்ளை வேறொரு வீட்டில் வேலைக்கு இருந்தால் அப்பொறுப்பு எசமானரைச் சேரும். வில்லின் விலையை அவர் பிள்ளையின் கூலியில் கழித்துக்கொள்ளலாம். பதினேழு வயதுக்குப் பிறகு இளைஞனே சொந்தமாக ஒரு வில்லும் நான்கு அம்புகளும் வைத்திருக்க வேண்டும்.

தவறினால் 6 சில்லிங் 8 பென்ஸ் அபராதம். அக்காலத்தில் தேர்ந்த தச்சர் அல்லது கொத்தனாரின் நாள் கூலி ஏறத்தாழ 6 பென்ஸ். 12 பென்ஸ் சேர்ந்தது ஒரு சில்லிங் என்பதால், அபராதத் தொகை ஏறக்குறைய இரண்டு வார உழைப்புக்குச் சமம்.

1541 சட்டம் பழகும் முறையையும் வரையறுத்தது. 24 வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரே இடத்தில் நிற்கும் இலக்கை எய்யக் கூடாது. ஒவ்வோர் எய்தலுக்கும் இலக்கு மாற வேண்டும். 24 வயதைக் கடந்தவர்கள் தொலைதூர அம்புகளைக் கொண்டு 220 கெசமோ அதற்குக் குறைவான தொலைவோ உள்ள இலக்கை எய்யக் கூடாது. 220 கெசம் என்பது சுமார் 200 மீட்டர். போர்க்களத்தில் எதிரி ஓரிடத்தில் நிற்க மாட்டான் என்பதால், இளைஞர்கள் தூரத்தைக் கண்ணால் மதிப்பிடப் பழக வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

ஏழு வயதில் தொடங்கக் காரணம்

போரில் பயன்பட்ட நெடுவில்லை வளர்ந்தவர் எவரும் திடீரென எடுத்து வளைத்துவிட முடியாது. இதற்கான சான்று கடலடியிலிருந்து கிடைத்தது. எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பலான மேரி ரோஸ் 1545 ஜூலை 19 அன்று போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு அருகில் மூழ்கியது. அதன் எஞ்சிய உடற்பகுதி 1982 அக்டோபரில் மேலே கொண்டுவரப்பட்டது. கப்பலிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட முழு விற்களும் ஆயிரக்கணக்கான அம்புகளும் கிடைத்தன. விற்களின் நீளம் 1.87 மீட்டர் முதல் 2.11 மீட்டர் வரை. அவற்றை முழுமையாக இழுக்கத் தேவைப்பட்ட விசை 100 முதல் 185 பவுண்டு வரை, அதாவது சுமார் 45 முதல் 84 கிலோ எடைக்கு நிகராக, இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். இன்றைய ஒலிம்பிக் வில்வீரர்கள் இழுக்கும் விசை பெரும்பாலும் 50 பவுண்டு அளவிலேயே அமைகிறது.

கப்பலில் இறந்தோரின் எலும்புகளை ஆராய்ந்த ஆன் ஸ்டர்லண்ட் மற்றொரு செய்தியைக் கவனித்தார். தோள்பட்டை எலும்பின் நுனிப்பகுதி சிறு வயதில் தனித் துண்டாக இருந்து, வளர்ச்சி முடியும் பருவத்தில் ஒன்றாகக் கூடிவிடும். மேரி ரோஸ் மாலுமிகள் பலரிடம் இது கூடாமலேயே இருந்தது. வழக்கமான மக்கள்தொகையில் காணப்படுவதைவிட இவர்களிடம் இதன் விகிதம் அதிகம். எலும்பு கூட வேண்டிய வயதில் கனமான வில்லை ஓயாமல் இழுத்ததே காரணமாகலாம் என்று அவர் கருதினார்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று நாம் சொல்வது இங்கே உடம்புக்கு நேர்ப்பொருளிலேயே பொருந்துகிறது. முதுகுத் தசையும் தோளும் வளரும்போதே வில்லும் கூடவே வளர வேண்டும். அதனால்தான் ஏழு வயதுப் பிள்ளைக்கு ஏழு வயதுக்குரிய வில் தேவைப்பட்டது.

யூ மரமும் மலிவான மரங்களும்

நெடுவில்லுக்குச் சிறந்தது யூ மரம். அதன் வெளிப்புற வெண்மரம் இழுவிசையை நன்கு தாங்கும். உட்புற வைர மரம் அமுக்கத்தைத் தாங்கும். ஒரே கட்டையில் இரண்டும் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், வெண்மரம் வில்லின் வெளிப்பக்கமாகவும் வைரம் எய்பவரை நோக்கிய பக்கமாகவும் வருமாறு செதுக்குவார்கள்.

ஆனால் நேராக வளர்ந்த, கணு குறைந்த யூ மரம் இங்கிலாந்தில் போதுமான அளவு கிடைக்கவில்லை. ஆல்ப்ஸ் மலைப்பகுதியிலிருந்து வணிகர்கள் வழியாக அது வந்தது. 1472இல் இயற்றப்பட்ட சட்டம், வெனிஸ் முதலிய இடங்களிலிருந்து சரக்கு கொண்டுவரும் வணிகர்கள் ஒவ்வொரு டன் சரக்குக்கும் நான்கு வில் கட்டைகளைச் சேர்த்துக் கொண்டுவர வேண்டும் என்றது. 1484இல் மூன்றாம் ரிச்சர்ட், இறக்குமதியாகும் இனிப்புத் திராட்சை மதுவின் ஒவ்வொரு பெரிய பீப்பாய்க்கும் பத்து வில் கட்டைகள் தர வேண்டும் என்றார். தட்டுப்பாடு எவ்வளவு இருந்தது என்பதை இச்சட்டங்களே காட்டுகின்றன.

அரிதான இம்மரத்தை இரண்டு ஆண்டுகளில் சிறிதாகிப்போகும் பிள்ளையின் வில்லுக்குச் செலவிட முடியாது. எனவே 17 வயதுக்கு உட்பட்டவர்கள் யூ வில்லால் எய்யக் கூடாது என்று 1541 சட்டம் தடை விதித்தது. பெற்றோருக்கு ஆண்டுக்கு 10 பவுண்டு வருமானம் தரும் நிலமோ, சிறுவனுக்கே 40 மார்க் மதிப்புள்ள உடைமையோ இருந்தால் மட்டும் விலக்கு. யூ வில்லோடு எல்ம், விச் எல்ம், ஆஷ் போன்ற மலிவான மரங்களிலும் விற்களைச் செய்து வைக்க வேண்டும் என்று வில் செய்வோருக்கும் கட்டளையிடப்பட்டது. லண்டனில் வில் செய்வோரும் அம்பு செய்வோரும் 1371 முதல் தனித்தனிச் சங்கங்களாக இயங்கிவந்தனர். சாமானியர் வீட்டுப் பிள்ளையின் வில் இவ்வாறு சட்டப்படியே எல்ம் வில்லாகவோ ஆஷ் வில்லாகவோ ஆயிற்று.

எளிய மரவில் செய்யும் முறை

ஒரே மரத்துண்டில் வில் செய்யும் முறை அடிப்படையில் இன்றும் மாறவில்லை. மரச்சாறு குறைந்திருக்கும் குளிர்காலத்தில் மரத்தை வெட்டுவர். கட்டையை ரம்பத்தால் அறுப்பதைவிட ஆப்பு அடித்துப் பிளப்பது நல்லது. பிளக்கும்போது பிளவு நார் ஓடும் வழியே செல்லும். அறுத்தால் நார் குறுக்கே துண்டிக்கப்படலாம். பிளந்த கட்டையை நிழலில் பல மாதங்கள் உலர வைக்க வேண்டும். ஈரம் உள்ள மரம் வளைந்தபடியே நின்றுவிடும், நிமிராது.

வில்லின் நீளம் சிறுவனின் உயரத்தை ஒட்டி இருக்கலாம். நடுவில் பிடி, அங்கிருந்து இரு முனைகளை நோக்கி அகலமும் கனமும் சீராகக் குறைய வேண்டும். இலக்கைப் பார்க்கும் வெளிப்பக்கம்தான் உடையும் அபாயம் மிகுந்த பக்கம். ஆஷ், எல்ம் போன்ற மரங்களில் பட்டையை மட்டும் உரித்துவிட்டு, அதன் கீழுள்ள ஒரே ஆண்டு வளையம் முனை முதல் முனை வரை அறுபடாமல் ஓடுமாறு விட்டுவிட வேண்டும். அந்த வளையத்தில் கத்தி பட்டால், பட்ட இடத்திலேயே பின்னர் சிம்பு கிளம்பும். மரத்தைக் குறைக்க வேண்டியதெல்லாம் எய்பவரை நோக்கிய உட்பக்கத்தில்தான்.

குறைக்கும்போது ஒரு கணக்கை மனத்தில் கொள்ள வேண்டும். அகலத்தைப் பாதியாக்கினால் வில்லின் விறைப்பும் பாதியாகும். கனத்தைப் பாதியாக்கினாலோ விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். ஏனெனில் விறைப்பு கனத்தின் முப்படியைப் பொறுத்தது. கனத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சீவினாலே வில் ஏறத்தாழ பாதி விறைப்பை இழக்கும். பெரியவரின் வில்லைச் சிறுவனுக்கு ஏற்றதாக்குவது எவ்வளவு சிறிய வேலை என்பதும், சற்று அதிகமாகச் சீவிவிட்டால் வில் எவ்வளவு எளிதில் வீணாகும் என்பதும் இதிலிருந்து விளங்கும். யூ மரத்தைவிட அமுக்கத்தை எளிதில் தாங்காத மரங்களில் வில்லை அகலமாகவும் தட்டையாகவும் செய்வது நல்லது. டென்மார்க்கின் ஹோல்மகோர்ட் சதுப்பில் 1944இல் கிடைத்த, சுமார் 9,000 ஆண்டுகள் பழமையான எல்ம் விற்கள் இவ்வாறு அகலமாகவே அமைந்துள்ளன.

அடுத்தது வளைவைச் சீராக்கும் வேலை. படிப்படியாகப் பள்ளங்கள் வெட்டிய ஒரு கட்டையின் தலையில் வில்லின் பிடியை வைத்து, நாணைச் சிறிது இழுத்து ஒரு பள்ளத்தில் மாட்டுவர். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் இரு பாதிகளும் ஒரேபோல் வளைகின்றனவா என்பது தெரியும். வளையாத இடத்தில் சுரண்ட வேண்டும். அதிகம் வளையும் இடத்தில் கத்தியே படக் கூடாது. சுரண்டியபின் வில்லைப் பலமுறை மெல்ல வளைத்துவிட்டு, மறுபடி பார்த்து, அடுத்த பள்ளத்துக்கு இழுக்க வேண்டும். கணு உள்ள இடத்தில் சற்றுக் கூடுதலாக மரத்தை விட்டுவைக்க வேண்டும்.

போர் வில்லின் முனைகளுக்குக் கொம்பு மாட்டுவார்கள். சிறுவர் வில்லுக்கு முனைகளில் நாண் பூட்டும் பள்ளம் வெட்டினாலே போதும். நாண் சணல் இன நாராலோ ஆளி நாராலோ திரிக்கப்பட்டு, ஈரம் ஏறாதவாறு தேன்மெழுகு பூசப்படும். அம்புத் தண்டுக்கு பாப்லர், பர்ச், ஆஷ் போன்ற மரங்களும், இறகுக்கு வாத்தினப் பறவைகளின் இறகும் பயன்பட்டன. அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடக் கூடாது என்பது பிள்ளைக்கு முதலில் சொல்ல வேண்டிய பாடம். அம்புக்குச் செல்ல வேண்டிய விசை மரத்துக்கே திரும்பி வில்லை உடைத்துவிடும்.

கற்பித்தவர்கள்

சிறுவர் வில்லைப் பற்றிய நேரடிச் செய்திகள் இருவரிடமிருந்து கிடைக்கின்றன. முதலாமவர் சமயச் சீர்திருத்தவாதியான ஹியூ லாட்டிமர். 1549 ஏப்ரல் 12 அன்று அரசர் ஆறாம் எட்வர்டின் முன் ஆற்றிய சமய உரையில் தம் இளமையை நினைவுகூர்ந்தார். அரசருக்கே அப்போது 11 வயதுதான். எப்படி நிற்பது, வில்லில் உடம்பை எப்படிச் செலுத்துவது, கை வலிமையால் இழுக்காமல் உடல் முழுவதன் வலிமையால் எப்படி இழுப்பது என்று தம் தந்தை கற்றுக்கொடுத்ததாக லாட்டிமர் கூறினார். தம் வயதுக்கும் வலிமைக்கும் ஏற்ற விற்களைத் தந்தை வாங்கித் தந்ததாகவும், தாம் வளர வளர வில்லும் பெரிதாகிவந்ததாகவும் சொன்னார்.

லாட்டிமரின் தந்தை லெஸ்டர்ஷையரில் குத்தகைக்கு நிலம் வைத்திருந்த விவசாயி; சொந்த நிலம் இல்லாதவர். 1497இல் பிளாக்ஹீத் போருக்கு அவர் புறப்பட்டபோது கவசத்தைப் பூட்டிவிட்டதாக லாட்டிமர் வேறோர் உரையில் குறிப்பிடுகிறார். ஆகவே அவர் வில் பழகிய காலம் 1511ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முந்தியது. மகனுக்கு வில் வாங்கித் தர வேண்டும் என்று அந்தத் தந்தையிடம் எந்தச் சட்டமும் கேட்கவில்லை. ஊர் வழக்கமாக இருந்ததை அவர் செய்தார். வழக்கம் தளர்ந்த பிறகே சட்டம் வந்தது என்பதை இது உணர்த்துகிறது.

இரண்டாமவர் ரோஜர் ஆஸ்கம். பின்னாளில் இளவரசி எலிசபெத்துக்கு ஆசிரியராக இருந்தவர். மேரி ரோஸ் மூழ்கிய அதே 1545இல் இவர் வெளியிட்ட ‘டாக்சோஃபிலஸ்’, வில் வித்தையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட முதல் நூலாகக் கருதப்படுகிறது. நிற்றல், நாணில் அம்பைப் பொருத்துதல், இழுத்தல், பிடித்து நிறுத்துதல், விடுதல் என எய்தலை ஐந்து படிகளாக அவர் பிரித்தார். எல்ம், ஆஷ் முதலியவை நடுத்தரமானவையே, முழுமையான எய்தலுக்கு யூ மரமே வேண்டும் என்பது அவர் கருத்து.

ஆஸ்கம் சர் ஹம்ஃப்ரி விங்ஃபீல்டு என்பவரின் வீட்டில் வளர்ந்தார். விங்ஃபீல்டு லண்டனிலிருந்து திரும்பும்போது பிள்ளைகளுக்கு வில்லும் அம்பும் வாங்கிவருவார். விளையாடும் நேரத்தில் தாமே அவர்களோடு வயலுக்குச் சென்று எய்வதைப் பார்ப்பார். அழகாக எய்த பிள்ளைக்கு நல்ல வில் கிடைக்கும். இதை ஆஸ்கம் நன்றியோடு பதிவுசெய்துள்ளார். பிள்ளைகளை அடித்துக் கற்பிப்பதைக் கண்டித்து அவர் எழுதிய ‘பள்ளி ஆசிரியர்’ என்னும் நூல், அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 1570இல் வெளிவந்தது.

பழக்கம் மறைந்த விதம்

சட்டம் வீழ்ச்சியைத் தடுக்கவில்லை. முதற்காரணம் இடம். லண்டனைச் சூழ்ந்திருந்த இஸ்லிங்டன், ஹாக்ஸ்டன், ஷோர்டிச் பகுதிகளின் பொது வயல்களை வேலியும் அகழியும் இட்டு அடைத்துவிட்டதால், வில் பழக இடமில்லாமல் போயிற்று. 1514 அளவில் நகர மக்கள் மண்வெட்டிகளோடு திரண்டு சென்று வேலிகளைப் பிடுங்கி, அகழிகளைத் தூர்த்தனர் என்று வரலாற்றாசிரியர் எட்வர்ட் ஹால் எழுதுகிறார்.

இரண்டாவது காரணம் நேரம். 1541 சட்டம் பகடை, சீட்டு, டென்னிஸ், பந்து உருட்டுதல் முதலியவற்றைச் சாமானியர்களுக்குத் தடை செய்தது. அவை பரவியிருந்ததால்தான் தடை தேவைப்பட்டது. லாட்டிமர் 1549 உரையில், வில்லை விட்டுவிட்டு மக்கள் தீய கேளிக்கைகளில் இறங்கிவிட்டனர் என்று வருந்தி, இருக்கும் சட்டத்தை அதிகாரிகள் நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சட்டம் வந்து எட்டே ஆண்டுகளில் இந்த நிலை.

மூன்றாவது காரணம் துப்பாக்கி. வில்வீரனை உருவாக்கப் பத்து ஆண்டுகள் வேண்டும்; துப்பாக்கியைக் கையாளச் சில வாரப் பயிற்சி போதும். 1590இல் சர் ஜான் ஸ்மைத் வில்லுக்கு ஆதரவாக ஒரு நூலே எழுதினார். ஆயினும் 1595இல் அரசவை, பயிற்சிப் படைகளில் வில்லுக்குப் பதிலாகத் துப்பாக்கியைச் சேர்க்க ஆணையிட்டது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வில் பழகாமல் வளர்ந்துவிட்டால், அடுத்த தலைமுறையில் அரசு எவ்வளவு யூ கட்டையை இறக்குமதி செய்தாலும் அதை வளைக்கத் தோள் இருக்காது.

மதிப்பீடு

எட்டாம் ஹென்றியின் சட்டம் வில்லின் எண்ணிக்கையையும் அம்பின் எண்ணிக்கையையும் அபராதத்தையும் எழுதிவைத்தது. வீட்டில் வில் இருக்கிறதா என்று அதிகாரி வந்து பார்க்கலாம். ஆனால் லாட்டிமரின் தந்தையைப் போல் மகனின் அருகில் நின்று தோளைத் திருத்தவும், விங்ஃபீல்டைப் போல் வயலுக்குக் கூட வரவும் எவரையும் சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியவில்லை. கருவி கொடுத்தாலே கல்வி வந்துவிடும் என்னும் நம்பிக்கை பின்னாளிலும் பல அரசுகளுக்கு இருந்திருக்கிறது. அதற்கு மிகப் பழைய எடுத்துக்காட்டுகளில் இதுவும் ஒன்று.

1541 சட்டத்தின் வில் பற்றிய பிரிவுகள் பயனற்ற ஏட்டுச் சட்டமாக நெடுங்காலம் கிடந்து, பின்னர் நீக்கப்பட்டன. இங்கிலாந்து ஆண்கள் இன்றும் சட்டப்படி வில் பழக வேண்டும் என்று அவ்வப்போது பரவும் செய்தி தவறானது. 1781இல் லண்டனில் வில் வித்தைக்கென ஒரு சங்கம் தொடங்கப்பட்டபோது, ஆஸ்கம் தம் நூலுக்கு இட்ட பெயரிலிருந்தே அதன் பெயர் எடுக்கப்பட்டது. அப்போது வில் போர்க் கருவியாக இல்லை. வசதி படைத்தோரின் பொழுதுபோக்காக மாறிவிட்டிருந்தது. இங்கிலாந்தின் பல ஊர்களில் ‘பட்ஸ்’ என்று முடியும் தெருப்பெயர்கள் இன்றும் உள்ளன. அச்சொல் அம்பு எய்யும் இலக்காகக் குவித்த மண்மேட்டைக் குறிக்கும்.